சாதிக்காய்ச் சாகுபடியில் இரு சிக்கல்கள்

ஒரே கனியிலிருந்து இரண்டு தனித்தனி நறுமணப் பொருள்களை வணிகத்துக்குத் தருவது சாதிக்காய் மரத்தின் சிறப்பு. கனியின் உள்ளே இருக்கும் விதையின் பருப்பு சாதிக்காய் எனவும், அவ்விதையை வலைபோல் பற்றிப் படர்ந்திருக்கும் செந்நிற உறை சாதிபத்திரி எனவும் வழங்கப்படுகின்றன. எடைக்கு எடை ஒப்பிட்டால் பத்திரிக்கே விலை அதிகம். தென்னை, பாக்குத் தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக வளரக்கூடிய இம்மரம், தனி நிலம் கேட்காமலே சிறு விவசாயியின் வருமானத்தை உயர்த்தவல்லது. எனினும் இதைப் பயிரிட முன்வருபவர் இரண்டு சிக்கல்களை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. நட்ட கன்று காய்க்குமா என்பது ஆறேழு ஆண்டுகள் வரை தெரிவதில்லை என்பது முதலாவது. காய்த்த பின்னர் அறுவடை பெரும்பாலும் மழைக்காலத்தில் வந்து சேர்கிறது என்பது இரண்டாவது. முதற் சிக்கல் விவசாயியின் முதலீட்டைப் பாதிக்கிறது; இரண்டாவது சிக்கல் காயை உண்பவரின் உடல்நலத்தையும் பாதிக்கக்கூடியது.

மரத்தின் இயல்பு

தாவர நூலார் இம்மரத்தை மிரிஸ்டிகா ஃபிராக்ரன்ஸ் என்பர். பூக்கும் தாவரங்களுள் மிகப் பழமையான கிளைகளுள் ஒன்றைச் சேர்ந்தது இதன் குடும்பம். பத்து முதல் இருபது மீட்டர் உயரம் வளரும் பசுமை மாறா மரம். கிளைகள் அடுக்கடுக்காக விரிந்து கூம்பு வடிவில் தோன்றும். வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. ஈரமும் நிழலும் இதற்கு வேண்டும். ஆனால் வேரடியில் நீர் தேங்கி நிற்பதை இது பொறுப்பதில்லை.

கனி மஞ்சள் நிறமாய், ஏறத்தாழ பேரிக்காய் வடிவில் இருக்கும். பூத்து ஏறக்குறைய ஒன்பது மாதங்களில் முதிர்ந்து, நீள்வாக்கில் இரண்டாகப் பிளக்கும். அப்போது கரும்பழுப்பு நிற விதையோட்டின் மேல் செந்நிறப் பத்திரி படர்ந்திருக்கும் காட்சி கண்ணைக் கவரும். இந்த நிறம் மனிதனுக்காக ஏற்பட்டதன்று. மரத்தின் பிறப்பிடத்தில் வாழும் பெரிய புறாக்கள் விதையைப் பத்திரியோடு விழுங்கி, பத்திரியைச் செரித்துவிட்டு, விதையை வேறிடத்தில் போட்டுச் செல்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இதன் காட்டு இனங்களுக்கு இருவாய்ச்சிப் பறவைகள் இதே பணியைச் செய்கின்றன.

விதையோட்டை உடைத்துப் பருப்பைக் குறுக்கே வெட்டினால், வெளிர் நிறச் சதையினூடே பழுப்புக் கோடுகள் நெளிந்தோடுவதைக் காணலாம். நறுமண எண்ணெய் பெரிதும் அக்கோடுகளில் தங்கியுள்ளது. காய் நன்கு உலர்ந்ததும் பருப்பு சுருங்கி, குலுக்கினால் ஓட்டுக்குள் கடகடவென ஒலிக்கும். கருவி ஏதுமின்றி ஈரப்பதத்தை மதிப்பிட விவசாயிகள் கையாளும் முறை இதுவே.

பாண்டாத் தீவிலிருந்து பெரியாற்றங்கரைக்கு

சாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பாண்டா தீவுகள். பல நூற்றாண்டுகள் வரை உலகுக்குத் தேவையான சாதிக்காய் முழுவதும் அச்சிறு தீவுகளிலிருந்தே வந்தது. இந்தியாவுக்கும் கடல் வணிகத்தின் வழியே காய்தான் வந்ததேயன்றி மரம் வரவில்லை. 1512-இல் போர்த்துகீசியர் அத்தீவுகளை அடைந்தனர். பின்னர் வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஏகபோகத்தை நிலைநாட்டும் பொருட்டு, 1621-இல் யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் படையெடுத்து அம்மக்களை அழித்தது. மக்கள் தொகையில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், அடிமைகளாக்கப்பட்டனர் அல்லது தப்பியோடினர். அதன்பின் தோட்டங்கள் அடிமை உழைப்பைக் கொண்டு நடத்தப்பட்டன. 1667-ஆம் ஆண்டின் பிரேடா உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் ரன் என்னும் சிறு பாண்டாத் தீவின் மீதான உரிமையை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தனர். தாம் கைப்பற்றியிருந்த மன்ஹாட்டனைத் தம்மிடமே வைத்துக் கொண்டனர். இன்றைய நியூயார்க் நகரத்தின் நடுப்பகுதி அது. அந்நாளில் இப்பேரத்தில் டச்சுக்காரரே இலாபமடைந்தவராகத் தோன்றியிருப்பர்.

வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்பதற்காகக் காய்களைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்து அனுப்புவது டச்சுக்காரரின் வழக்கம். சாதிக்காய் விதை உலர்ந்தால் முளைக்கும் திறனைச் சில நாட்களிலேயே இழந்துவிடும் என்பதை நோக்கும்போது, சுண்ணாம்பு செய்ய வேண்டிய வேலையை இயற்கையே செய்து முடித்திருந்தது எனலாம். கன்றுகளாகவும் ஈரமான விதைகளாகவும் கொண்டுசென்றவரே வெற்றி கண்டனர். பிரெஞ்சுக்காரரான பியர் பொவாவ்ர் 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொரீஷியசில் இதை வளர்த்தார். 1796-இல் பாண்டாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் பினாங்கு, இலங்கை, இந்தியா ஆகிய இடங்களுக்குக் கன்றுகளை அனுப்பினர். 1843-இல் மரம் மேற்கிந்தியத் தீவான கிரெனடாவை அடைந்தது. அந்நாட்டின் தேசியக் கொடியில் சாதிக்காய் இடம்பெறும் அளவுக்கு அங்கு அது வேரூன்றியது.

இந்தியாவில் இன்று சாதிக்காய் விளைச்சலின் பெரும்பகுதி கேரளத்தினுடையது. திருச்சூர், எர்ணாகுளம், கோட்டயம் மாவட்டங்களில், குறிப்பாகப் பெரியாறு, சாலக்குடி ஆறுகளின் படுகைகளில், இது செழித்து வளர்கிறது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்திலும், குற்றாலம், ஆனைமலை, நீலகிரிப் பகுதிகளிலும் பயிரிடப்படுகிறது. கர்நாடகத்தின் கடலோர மாவட்டங்களிலும் உண்டு.

ஆண் மரம் எது, பெண் மரம் எது?

சாதிக்காய் ஈரில்லத் தாவரம். ஆண் பூக்கள் ஒரு மரத்திலும், பெண் பூக்கள் மற்றொரு மரத்திலும் பூக்கும். இரண்டும் மெழுகு பூசியது போன்ற சிறு வெளிர்மஞ்சள் மணிப் பூக்களே. ஆண் பூக்கள் கொத்தாகவும் பெண் பூக்கள் பெரும்பாலும் தனித்தும் இருக்கும். சிறு வண்டுகள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. இரு பாலும் ஒரே மரத்தில் அமைவது அரிது.

விதையிலிருந்து வளரும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே இருக்கும். முதற் பூ தோன்றும் வரை எது ஆண், எது பெண் என்று அறிய வழியில்லை. பூக்கவோ ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். இலையின் வடிவம், நரம்புகளின் அமைப்பு, இளந்தளிரின் நிறம், கன்றின் வளர்ச்சி வேகம், இலைத்தோலில் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்களின் வடிவம் ஆகிய பல அடையாளங்களை ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்தனர். எதுவும் நம்பத்தக்கதாக இல்லை. மரபணுக் குறியீடுகள் வாயிலாகக் கண்டறியும் முயற்சியும் நடந்துள்ளது.

இதன் பொருளாதார விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். 8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 156 மரங்கள் நிற்கும். அவற்றில் 78 ஆண் மரங்களாக அமைந்துவிடும். மகரந்தச் சேர்க்கைக்குப் பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதுமானது. அதாவது தோட்டம் முழுமைக்கும் பதினைந்துக்கும் குறைவான ஆண் மரங்களே தேவை. எஞ்சிய அறுபதுக்கும் மேற்பட்ட மரங்கள் ஏழு ஆண்டுகளாக நீரும் உரமும் கூலியும் பெற்று, இறுதியில் ஒரு காயும் தராமல் நிற்கும். அவற்றை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்தால் மீண்டும் ஏழாண்டு காத்திருக்க வேண்டும். அக்கன்றும் ஆணாக இருப்பதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. காத்திருக்கும் காலத்துக்கும் வட்டி உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், வசதியுள்ளவரே விதைக் கன்றை நம்பிச் சாதிக்காய்த் தோட்டம் போட முடியும் என்பது புலனாகும். ஒரு குழியில் இரண்டு மூன்று கன்றுகளை நட்டு, பூத்தபின் வேண்டாதவற்றை அகற்றும் பழைய முறை இழப்பைக் குறைத்ததேயன்றிக் காத்திருப்பைக் குறைக்கவில்லை.

ஒட்டுக்கட்டும் முறை இச்சிக்கலைத் தீர்த்துவிட்டது. நன்கு காய்க்கும் பெண் மரத்தின் குச்சியையோ மொட்டையோ இளங்கன்றின் மேல் பொருத்தினால், வளரும் மரம் தாய் மரத்தைப் போலவே பெண்ணாக அமையும். நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கவும் தொடங்கும். முன்னரே வளர்ந்துவிட்ட ஆண் மரங்களையும் வெட்டித் தள்ள வேண்டியதில்லை. உச்சியைக் கழித்து, புதிதாகத் தழைக்கும் கிளைகளில் பெண் மொட்டுகளை ஒட்டி அவற்றைப் பெண் மரங்களாக மாற்றிவிடலாம்.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. நேராக மேல்நோக்கி வளரும் தண்டிலிருந்து எடுத்த குச்சி, இயல்பான கூம்பு வடிவ மரமாக வளரும். பக்கக் கிளையிலிருந்து எடுத்த குச்சியோ, ஒட்டிய பின்னும் பக்கவாட்டிலேயே படர்ந்து புதர்போல் நிற்கும். நேர்நிமிர்ந்த தண்டுகள் ஒரு மரத்தில் மிகச் சிலவே இருப்பதால் நல்ல ஒட்டுக்கன்றுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது. நாற்றங்காலில் கன்று வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒட்டுக்குச்சி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே. பலர் விலையை மட்டுமே கேட்கின்றனர்.

கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் விஸ்வஸ்ரீ, கேரளஸ்ரீ என்னும் உயர் விளைச்சல் வகைகளை வெளியிட்டுள்ளது. இவற்றுள் கேரளஸ்ரீ ஒரு விவசாயியின் தோட்டத்தில் நின்ற மரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். மொட்டு ஒட்டு முறையைப் பரப்பியதிலும் கேரள விவசாயிகளின் பங்கு பெரிது.

ஒட்டுக்கட்டுவதற்கு வேர்ச்செடியாக, சாதிக்காய்க் கன்றுடன் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு இனங்களும் பயன்படுகின்றன. அவற்றுள் ஒன்றான காட்டுச் சாதிக்காயின் பத்திரி ‘ராம்பத்திரி’ என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. நிறம் உண்டு, மணம் இல்லை. ஆகவே கலப்படத்துக்கு வசதியாகிவிட்டது. இவ்வினங்கள் சில வளரும் நன்னீர்ச் சதுப்புக் காடுகள், தென் கேரளத்தின் குளத்துப்புழைப் பகுதியிலும் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் சிறுசிறு துண்டுகளாக எஞ்சியுள்ளன. நீரில் நிற்கும் அம்மரங்களின் வேர்கள் மூச்சுவிடுவதற்காக முழங்கால் போல் வளைந்து மண்ணுக்கு மேலே எழும். அச்சதுப்புகளில் பல, முன்பே நெல் வயல்களாகவும் பாக்குத் தோப்புகளாகவும் மாறிவிட்டன.

நீண்ட கால மரப்பயிர் என்பதால் இயற்கைச் சீற்றத்தின் விளைவும் நீண்டு நிற்கிறது. உலக உற்பத்தியில் இரண்டாமிடத்தில் இருந்த கிரெனடாவை 2004 செப்டம்பரில் ‘ஐவன்’ புயல் தாக்கி, அங்கிருந்த சாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. அத்தீவு தன் பழைய இடத்தை மீண்டும் பெறவில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு, சாலக்குடிப் படுகைகளில் பல தோட்டங்கள் நாட்கணக்கில் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் நிமிர்ந்து நின்ற மரங்களும் வேரழுகிக் காய்ந்தன.

வேதியியல் கூறுகள்

சாதிக்காயின் எடையில் 5 முதல் 15 விழுக்காடு வரை ஆவியாகும் நறுமண எண்ணெய் உள்ளது. சபினீன், பைனீன் முதலிய டெர்பீன்கள் அதன் பெரும்பகுதி. மிரிஸ்டிசின், எலிமிசின், சாஃப்ரோல் ஆகியவை அளவில் குறைந்தவை. ஆனால் சாதிக்காய்க்கே உரிய மணமும், மருந்துக் குணமும், நச்சுத் தன்மையும் பெரிதும் இவற்றைச் சார்ந்தவை. கிழக்கிந்தியத் தீவுகளின் காயில் மிரிஸ்டிசின் மிகுதி, மேற்கிந்தியத் தீவுகளின் காயில் குறைவு.

பருப்பில் 25 முதல் 40 விழுக்காடு கொழுப்பும் இருக்கிறது. ‘சாதிக்காய் வெண்ணெய்’ எனப்படும் இதன் பெரும்பகுதி டிரைமிரிஸ்டின். 1841-இல் லயன் பிளேஃபேர் இதைப் பிரித்தெடுத்தார். இதிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலத்துக்கு மிரிஸ்டிக் அமிலம் என்ற பெயர் ஏற்பட்டதும் இம்மரத்தின் தாவரப் பெயராலேயே. தேங்காயெண்ணெயிலும் உள்ள அந்த அமிலம் இன்று சோப்பு, அழகுப் பொருள் தொழில்களில் பெருமளவில் பயன்படுகிறது. பத்திரியின் செந்நிறத்துக்கு லைகோபீன் காரணம். தக்காளிக்குச் சிவப்பைத் தருவதும் அதுவே.

மருந்தும் மாற்றும்

ஆயுர்வேத, சித்த மருத்துவ நூல்கள் செரியாமை, கழிச்சல், உறக்கமின்மை ஆகியவற்றுக்குச் சாதிக்காயைக் கூறுகின்றன. வயிற்று உப்புசத்தைத் தணிக்கும் இயல்பை நவீன மருந்தியலும் ஏற்கிறது. மூட்டுவலித் தைலங்களிலும் இருமல் மருந்துகளிலும் இதன் எண்ணெய் சேர்க்கப்படுகிறது. எனினும் மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் உள்ள இடைவெளி இங்குச் சிறியது. சமையலில் ஒரு சிட்டிகையால் தீங்கில்லை. 5 கிராமும் அதற்கு மேலும் பொடியை ஒரே வேளையில் உண்டால், சில மணி நேரம் கழித்துக் குமட்டல், நாவறட்சி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம், பொய்த்தோற்றங்கள் ஆகியன ஏற்பட்டு, ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். ஒரு முழுக் காயின் எடையே 5 முதல் 10 கிராம் வரை இருக்கும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே தாமே மூன்று காய்களை உண்டு, அதன் விளைவை 1829-இல் பதிவு செய்தார். இந்நஞ்சுக்குத் தனி மாற்று மருந்து இல்லை. கருவுற்ற பெண்கள் மருந்தளவில் இதை உட்கொள்ளலாகாது. சாஃப்ரோல் ஆய்வக விலங்குகளின் ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவது கண்டறியப்பட்டுள்ளது.

தமிழகத்தில் கைக்குழந்தைகளுக்கு உரை மருந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. மாசிக்காய், கடுக்காய், வசம்பு, சுக்கு ஆகியவற்றோடு சாதிக்காயையும் உரைகல்லில் ஓரிரு சுற்று இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாவில் தடவுவர். அளவு மிகச் சிறிது என்பதே இதன் பாதுகாப்பு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம் என்பது இன்றைய மருத்துவரின் அறிவுரை. அவ்வறிவுரையை ஏற்காத வீடுகளிலும் ஒன்றை மட்டும் கவனித்தாக வேண்டும்: உரைகல்லில் ஏறும் அந்தக் காய் எவ்வாறு உலர்த்தப்பட்டது என்பதே அது.

மழையில் வரும் அறுவடை

கேரளத்தில் அறுவடை ஜூன் முதல் ஆகஸ்டு வரை உச்சத்தில் இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் அம்மாதங்களிலேயே பொழிகிறது. வெடித்த கனி ஈரமண்ணில் விழுந்து ஓரிரு நாள் கிடந்தால் பூஞ்சை பற்றும். உலர்த்துவதற்கு வெயில் இல்லை. அரைகுறையாக உலர்ந்த காயில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. மனிதரின் ஈரலில் புற்றுநோய் விளைவிப்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட நஞ்சு இது. ஓட்டுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. காயைச் சுடுவதாலோ வேகவைப்பதாலோ இந்நஞ்சு அழிவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் சாதிக்காயில் அஃப்ளடாக்சின் பி1 ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமும், மொத்த அஃப்ளடாக்சின் 10 மைக்ரோகிராமும் மிகலாகாது என வரம்பிட்டுள்ளது. வரம்பு மீறிய சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். உள்நாட்டிலும் சட்டப்படி வரம்பு உண்டு. ஆயினும் ஏற்றுமதிச் சரக்குக்கு உள்ள சோதனை, நாட்டு மருந்துக் கடையில் நான்கு காய் வாங்குபவரின் காய்க்கு இல்லை. ஏற்றுமதிக்குத் தகாத காய் எங்கே போகிறது என்னும் கேள்வியை வணிகத்துறையும் சுகாதாரத்துறையும் சேர்ந்தே கேட்க வேண்டும்.

உலர்த்தும் முறைக்கு விதிக்கப்படும் எல்லைகள் காயின் வேதியியலிலிருந்தே பிறக்கின்றன. ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலன்றிப் பூஞ்சைக்கு அணையில்லை. வேகமாக உலர்த்த வேண்டி வெப்பத்தை மிகுத்தாலோ, டிரைமிரிஸ்டின் உருகிக் கசிகிறது, மண எண்ணெயும் பறந்துவிடுகிறது. ஆகவே 45 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில், காற்றோட்டத்தோடு நிதானமாக உலர்த்துவதே தக்கது. அடுப்புப் புகையின் மேல் பரண் கட்டி உலர்த்துவதில் வெப்பம் கட்டுக்குள் நிற்பதில்லை. காயில் புகை நாற்றமும் ஏறுகிறது. பத்திரியைத் தனியே உரித்து, 75 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் முக்கியெடுத்து உலர்த்தினால் அதன் செந்நிறம் மங்காது. நிறம் நின்றால் விலையும் நிற்கும்.

பத்து மரம் வைத்திருப்பவர் தனியாக ஓர் உலர்த்தும் கருவி வாங்குவது கட்டுபடியாகாது. அருகருகே உள்ள இருபது முப்பது விவசாயிகள் கூட்டாக ஒன்றை வைத்துக் கொண்டால், மழைக்காலம் முழுவதும் அது வேலை செய்யும். மானியம் வழங்கும் திட்டங்கள் தனிநபரைவிடக் குழுக்களையே நாடுவதற்கு இங்கு நல்ல காரணம் உண்டு. தோட்டத்தில் செய்ய வேண்டியதற்கோ செலவில்லை: விழுந்த கனியை அன்றன்றே பொறுக்குவது, மரத்தடியில் வலை விரிப்பது, வெடிப்பும் கறையும் உள்ள காய்களை நல்லவற்றோடு கலக்காமல் பிரிப்பது.

கனியின் எடையில் பெரும்பங்கு அதன் சதைப்பற்றான தோட்டுக்குரியது. ஊறுகாயும் மிட்டாயும் பாகும் செய்யத் தகுந்த இத்தோடு, கேரளத் தோட்டங்களில் பெரும்பாலும் மரத்தடியிலேயே வீசப்பட்டு அழுகுகிறது. அவ்வழுகலில் வளரும் பூஞ்சையே அடுத்த நாள் விழும் கனியிலும் தொற்றுகிறது. கிரெனடாவில் இதே தோட்டைக் கொண்டு பழப்பாகு செய்து விற்கின்றனர்.